கறள் பிடித்த காரொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தாருங்கள் என்று மலர்க்குழுவினர் ஆண்டுதோறும் கேட்பதும், தாய்மொழிக் கல்வியின் அவசியம் பற்றி நாம் நான்கு பக்கங்கள் எழுதிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. அவற்றை அச்சுப்பிழை பார்க்கும் அன்பரைத் தவிர வேறெவரும் முழுமையாக வாசித்ததாக நாம் அறியோம். இம்முறை மேல்வகுப்பு மாணவர் சிலர் எம்மிடம் வந்து, "சேர், உங்கட வீட்டு வாசலில நிக்கிற பழைய காரைப் பற்றி எழுதுங்கோ. அதெண்டால் வாசிப்பம்" என்றனர். வாசிப்போம் என்று மாணவர் வாக்குத் தரும்போது ஆசிரியன் மறுத்தல் தகாது. ஆகையால் இவ்வாண்டு காரைப் பற்றியே எழுதுகிறோம்.

அது 1965ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். நிறம் ஒருகாலத்தில் சாம்பல். எம்மிடம் வந்தபோது பாதி சாம்பல், பாதி கறள். வாங்கியவர் நாமல்லர், எமது மகள். 2024 செப்ரெம்பரில் அவளுக்குப் பதினேழு வயது நிறைந்தது. இந்நாட்டில் கார் ஓட்டிப் பழகுவதற்கு உரிய வயது அது. மருந்துக்கடை ஒன்றில் ஞாயிறுதோறும் நின்று உழைத்த பணத்தை அவள் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தாள். தோழியரெல்லாம் சிறிய புதிய கார்களைப் பற்றிக் கனவு காண, இவள் மட்டும் தன் கையால் கழற்றிப் பூட்டக்கூடிய கார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இன்றைய கார்களின் பொனற்றைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்ரிக் மூடி ஒன்றுதான் தெரிகிறது. அதற்குக் கீழே நடப்பது கணினிக்கே வெளிச்சம்.

பழைய கார்கள் எத்தனையோ இருக்க, மொறிஸ் மைனர் ஏன் என்று பெற்றோர் பலர் எம்மிடம் கேட்டனர். எமது வீட்டுக் கூடத்தில் எமது தந்தையாரின் படம் தொங்குகிறது. வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக, ஒரு மொறிஸ் மைனரின் பொனற்றில் கையூன்றியபடி அவர் நிற்கும் படம். மகள் தன் அப்பப்பாவை நேரில் கண்டதில்லை. நாம் 2007இன் தொடக்கத்தில் நாடு நீங்கினோம். அவள் அவ்வாண்டு இலண்டனில் பிறந்தாள். தந்தையார் 2010இல் யாழ்ப்பாணத்தில் காலமானார். அகதிக்கு இந்நாட்டு அரசு வழங்கும் பயண ஆவணத்தில், தப்பி வந்த நாட்டைத் தவிர என்று எழுதியிருக்கும். ஆகவே மூத்த பிள்ளையாகிய நாம் கொள்ளி வைக்கப் போகவில்லை. தொலைபேசியில் தேவாரம் கேட்டுக்கொண்டிருந்தோம். குழந்தையாக இருந்த மகளுக்கு அப்பப்பா என்றால் அந்தப் படம். படம் என்றால் அந்தக் கார். வளர்ந்தபின் அவள் அதே வகைக் காரைத் தேடியதில் வியப்பில்லை.

அந்தக் காரின் வரலாற்றை மாணவர்கள் சிறிது அறிதல் வேண்டும். அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மேர்னா என்னும் துறைமுக நகரில் பிறந்தவர். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று வழங்கப்படும் நகரம் அது. 1922இல் போர் அந்நகரை நெருங்கியபோது, பிரித்தானியக் குடியுரிமை பெற்றிருந்த அக்குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி மோல்ற்றாத் தீவுக்கு அனுப்பினார்கள். தந்தை அங்கேயே இறந்துபோக, தாயும் மகனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தனர். இலண்டன் பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்ற அவர் கணிதத்தில் மூன்று முறை சித்தியடையவில்லை. கணித ஆசிரியராகிய எமக்கு இதனை மாணவர் மத்தியில் எழுதுவது சற்றுச் சங்கடமே. எனினும் உண்மை உண்மைதான். வீடிழந்து வந்த அந்த இளைஞர் பிற்காலத்தில் அமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர், கார் அகலம் போதாது என்று அவருக்குத் தோன்றியதாம். மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் மெல்ல விலக்கிப் பார்த்து, கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்தினார். நான்கு அங்குலம் கூடிற்று. பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். கம்பனியின் அதிபர் நபீல்ட் பிரபு, ஓடு நீக்கி அவித்த முட்டையைப் போல இருக்கிறதே என்று முகம் சுளித்தார் என்பர். அந்த முட்டை 16 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதலாவது பிரித்தானியக் கார் அதுவே.

மகள் கண்டுபிடித்த கார் நோர்போக் பகுதியில் ஒரு பண்ணையின் கொட்டிலில் நின்றது. எமது வீட்டிலிருந்து நூற்றிருபது மைல். அதனை ஏற்றிவர எம்மிடம் வாகனம் இல்லை. இப்பாடசாலையில் இரு பிள்ளைகளைப் படிக்க விட்டிருக்கும் பெற்றோர் ஒருவர் குழாய் வேலை செய்பவர். தமது வானையும், நண்பரிடம் இரவல் பெற்ற றெயிலரையும் கொண்டு காலை ஐந்து மணிக்கே எமது வாசலில் வந்து நின்றார். கூலி பேச வாயெடுத்தபோது, "சேர், என்ர பெடியனுக்கு வாய்ப்பாடு வந்ததே உங்களாலதான். சும்மா ஏறுங்கோ" என்றார். அவருடைய பெயரை இங்கு எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

எமது துணைவியார் மூன்று பேருக்கும் புட்டும் சம்பலும் கட்டித் தந்தார். தருகையில், "கொண்டு வாறது சரி, எங்க வைக்கப் போறியள்?" என்று கேட்டார். அதற்கு எம்மிடம் அப்போது பதில் இருக்கவில்லை.

பண்ணைக்காரருக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். கார் அவருடைய காலஞ்சென்ற மனைவியாருடையது. அவ்வம்மையார் கிராமம் கிராமமாகச் சென்று நோயாளரையும் பிள்ளைபெற்ற தாய்மாரையும் பார்த்துவந்த மாவட்டத் தாதி. அக்காலத்தில் இந்நாட்டுத் தாதியர் பலர் மொறிஸ் மைனரிலேயே சென்றனர். 1989இல் கொட்டிலுக்குள் நிறுத்திய காரைப் பிறகு எவரும் வெளியே எடுக்கவில்லை. பின் ஆசனத்தினுள் எலி குட்டி போட்டிருந்தது. கூரையில் புறா எச்சம் ஒரு பூச்சாகவே படிந்திருந்தது. மகளின் முகம் மலர்ந்ததைக் கண்டு நாம் அவளைத் தடுத்தோம். விலை பேசி முடியுமுன் முகத்தில் மகிழ்ச்சி காட்டலாகாது என்பது யாழ்ப்பாணச் சந்தையில் நாம் கற்ற முதற் பாடம்.

பழைய காரை எப்படிப் பார்ப்பது என்று தந்தையார் எமக்குச் சொல்லித் தந்திருந்தார். "முகத்தைப் பாராதை, வயித்தைப் பார்" என்பார். ஆகவே நாம் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, வைக்கோல் மேல் மல்லாந்து படுத்துக் காருக்குக் கீழே புகுந்தோம். திருகாணிச் சாவியின் பிடியால் தகடுகளைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். சந்தையில் பானையைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கறள் தின்றது பொத்தென்று சொல்லும். இந்தக் காரில் கதவுகளுக்குக் கீழேயுள்ள பகுதியும், சாரதியின் காலடித் தட்டும், பின் வில்லுகள் பூட்டப்பட்டிருக்கும் இடமும் பொத்தென்றன. எஞ்சினைத் தாங்கும் முன் சட்டங்கள் கணீரென்றன. மொறிஸ் மைனரில் முன்புறச் சட்டங்கள் நல்லவையாக இருந்தால் மீதியை ஒட்டிக்கொள்ளலாம். மகளும் எம்மருகே புகுந்து படுத்துத் தானும் தட்டிப் பார்த்தாள். இரண்டாவது தட்டிலேயே வேறுபாடு அவள் காதுக்குப் பிடிபட்டுவிட்டது.

விலை 900 பவுண் என்றிருந்தது. 700க்கு முடிந்தது. மகள் தாள்களை எண்ணிக் கொடுத்தபோது, அம்முதியவர் கார்ப் பதிவேட்டை உடனே கொடாமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். இதை உடைத்து விற்பீர்களா என்று கேட்டார். மகள், தன் பாட்டனாரிடமும் இப்படி ஒரு கார் இருந்தது என்றும் அவரும் தாய்மாரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றவர் என்றும் சொன்னாள். அதன்பின் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. அவள் அதைச் சொன்னபோது நாம் திடுக்குற்றோம். அதனை நாம் அவளுக்குச் சொன்னதில்லை. அப்பம்மாவிடம் தொலைபேசியில் கேட்டறிந்திருக்கிறாள்.

ஏற்றுவது எளிதாக இருக்கவில்லை. பின் சில்லுகள் இரண்டும் இறுகிக் கிடந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் நின்ற காரில் பிறேக் சப்பாத்துகள் கறளேறி உருளையோடு ஒட்டிக்கொள்ளும். மரச்சுத்தியலால் உருளையைச் சுற்றிலும் பொறுமையாகத் தட்டத் தட்ட, ஒன்று விட்டது. மற்றையது விட ஒரு மணித்தியாலம் சென்றது. பின்னர் றெயிலரின் கைச்சுழலியால் முன்னின்று இழுக்க, நாமும் அப்பெற்றோரும் பின்னின்று தள்ளினோம். மகளை ஸ்ரேறிங்கில் இருத்தினோம். முக்கால் தொன் இரும்பு அங்குலம் அங்குலமாக மேலேறியது. "நேர பார்த்துக்கொண்டு பிடி பிள்ளை" என்று எமது வாய் தானாகச் சொல்லிற்று. அந்தச் சொல் எம்முடையதன்று.

திரும்பும் வழியில் வானின் முன் ஆசனத்தில் மூவரும் நெருங்கி இருந்தோம். தேநீருக்காக நிறுத்திய இடத்தில் ஆங்கிலேயர் பலர் வந்து காரைத் தடவிப் பார்த்தனர். தன் தாயிடம் இருந்தது, தான் பழகியது இதில்தான் என்று ஆளுக்கொரு கதை. இந்நாட்டுக்கு வந்த இத்தனை ஆண்டுகளில் அறிமுகமற்ற ஆங்கிலேயர் இத்தனை பேர் எம்முடன் வலிந்து பேசியது அன்றுதான். வான் மீண்டும் புறப்பட்டபின் மகள் கேட்டாள்: "அப்பா, அப்பப்பாவின்ர கார் இப்ப எங்க?"

படத்திலுள்ள கார் 1954ஆம் ஆண்டினது. முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும். 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து இரண்டும் எண்கள் நான்கும். இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்படுவதற்கு முந்தியது என்பதில் தந்தையாருக்கு ஒரு பெருமை. ஸ்ரீ எதிர்ப்புக் கிளர்ச்சி நடந்த 1957, 58ஆம் ஆண்டுகளில் அவர் சிறுவன். தார் வாளி தூக்கிய கதையைச் சாகும்வரை சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் பழைய ஆங்கிலேயக் கார்கள் அத்தனை காலம் நின்று நிலைத்தது எப்படி என்று இங்குள்ள பிள்ளைகள் கேட்பதுண்டு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. புதிய கார் வாங்குதல் அரிது. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 1977க்குப் பின் கட்டுப்பாடு தளர்ந்து தெற்கில் யப்பானியக் கார்கள் பெருகின. வடக்கிலோ சில ஆண்டுகளில் போர் தொடங்கிவிட்டது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மைனர் ஆகியவை பஸ் நிலையத்துக்கருகே வாடகைக்கு வரிசையில் நின்றன. தந்தையார் அவ்வரிசையில் ஒருவர்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றறி, சீமெந்து வராது. அப்போதுதான் எமது மக்கள் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டக் கற்றனர். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர்பெறாது. அது ஆவியாகச் சூடு வேண்டும். ஆகவே சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபுறேற்றருக்கு விட்டு, ஹாண்டிலால் சுற்றி எழுப்பி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முன்புறத்தில் செருகிச் சுற்றும் இரும்புக் கோலுக்கே ஊரில் ஹாண்டில் என்று பெயர். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களாதலால் அவை ஒருவாறு தாக்குப்பிடித்தன. வேகம் பாதி, புகை இரட்டிப்பு, பிளக்குகளை அடிக்கடி கழற்றிச் சுரண்ட வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகளில் எமது ஊரின் மணம் எதுவென்று கேட்டால், மண்ணெண்ணெய்ப் புகை என்றே சொல்வோம்.

மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்ததன்று. வீட்டில் ஒரு போத்தல் விளக்குக்கு. இரண்டு போத்தல் கட்டிலுக்குக் கீழே, காருக்கு. அந்த இரண்டையும் எவரும் தொடலாகாது. ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட விளக்கில்தான் நாம் கணிதம் படித்தோம். எண்ணெய் முடிந்தால் படிப்பும் முடிந்தது. ஒருமுறை நாளை பரீட்சை என்று அழுதும் தந்தையார் இறங்கவில்லை. அன்று பின்னிரவில் மூன்று வீடு தள்ளியிருந்த ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்டது. தந்தையார் பெரியாஸ்பத்திரிக்குக் காரை எடுத்தார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு வெளியேறினர். எமக்கு அப்போது பதினைந்து வயது. பாட்டியாரையும், அயலில் இருந்த முதிய தம்பதியரையும், பிறந்து ஒன்பது நாளான சிசுவொன்றையும் அதன் தாயையும் காரில் ஏற்றினோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் காலெடுத்து வைக்க இடமில்லை. மழை வேறு. நின்று நின்று போகும் நெரிசலில் எண்ணெயை எரிப்பது வீண் என்று தந்தையார் எஞ்சினை நிறுத்தினார். தாமும் நாமும் பின்னின்று தள்ளுவதென்றும், அம்மா ஸ்ரேறிங்கைப் பிடிப்பதென்றும் முடிவாயிற்று. அம்மா அதற்குமுன் ஒருநாளும் அதனைத் தொட்டதில்லை. "நேர பார்த்துக்கொண்டு பிடி. பிறேக்கை மட்டும் மறவாதை" என்றார் தந்தையார். சனத்தின் முதுகுகளுக்குள்ளே, வெளிச்சம் இல்லாமல், அம்மா அந்தக் காரை விடியும்வரை செலுத்தினார். ஒருவர் மீதும் முட்டவில்லை. பத்து மைல் தூரம். மறுநாள் மதியம் சாவகச்சேரியில் உறவினர் ஒருவரின் வளவுக்குள் மாமரத்தடியில் நிறுத்தினோம். சிசு பிழைத்தது. இன்று அந்தச் சிசுவுக்கும் பிள்ளைகள் உண்டு என்று அம்மா சொல்வார்.

1996இல் நாம் வலிகாமம் திரும்பியபோது காரைக் கொண்டுசெல்ல வழியிருக்கவில்லை. பிறகு வந்து எடுக்கலாம் என்றார்கள். தந்தையார் ஹாண்டிலை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டார். பற்றறி செத்துவிட்டதால், ஹாண்டில் இல்லாமல் எவரும் அந்தக் காரை எழுப்பிக் கொண்டுபோக முடியாது என்பது அவருடைய கணக்கு. கணக்குச் சரிதான். ஆனால் 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரே இடிந்தது. 2002இல் போர்நிறுத்தம் வந்தபின் தந்தையார் சைக்கிளில் போய்ப் பார்த்தார். காலையில் போனவர் இருளில் திரும்பினார். என்ன கண்டார் என்று எம்மிடம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும், மாமரமும் இல்லை என்றாராம்.

இவ்வளவையும் வானில் மகளுக்குச் சொல்லி முடித்தபோது இலண்டனின் சுற்றுவீதிக்கு வந்துவிட்டோம். வானைச் செலுத்திய அன்பர் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "நாங்கள் கைதடிப் பக்கத்தால போனனாங்கள்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டு வாசலில் இறக்கியபோது மழை தூறிற்று. அயல்வீட்டு அம்மையார் யன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எங்கே வைப்பது என்ற துணைவியாரின் கேள்விக்குக் கராஜ்தான் விடை. அதற்குள்ளே எமது பாடசாலையின் பத்தாண்டு ஆண்டுவிழாப் பொருட்கள் குவிந்திருந்தன: கட்டபொம்மனின் அட்டை வாள், பண்டாரவன்னியன் கிரீடம், பட்டிமன்றப் பதாகை, ஒரு காவடி. இரண்டு சனிக்கிழமைகள் பெரிய மாணவர் வந்து அவற்றை ஒழுங்குபடுத்தினர். இவ்வாண்டு நாடகத்தில் மன்னர் கையிலிருக்கும் வாள் புதிதாகப் பளபளப்பதற்குக் காரணம், பழையதை எலி அரித்திருந்ததே.

அதன்பின் குளிர்காலம் முழுவதும் வேலை. மகள் யோகட் கிண்ணங்களைக் கழுவி வைத்து, கழற்றிய ஒவ்வொரு நட்டையும் அதனதன் கிண்ணத்தில் இட்டுத் தமிழில் பெயரெழுதி ஒட்டினாள். "முன் இடச் சில்லு", "பொனற் பூட்டு", "கறள், எறியக் கூடாது" என்று. காபுறேற்றருக்குத் தமிழ் என்ன என்று கேட்டாள். அகராதியில் சொல் இருக்கிறது. ஆனால் எமது ஊரில் எண்ணெய்க் கையோடு நின்ற எவரும் அதைச் சொல்ல நாம் கேட்டதில்லை. ஆகவே காபுறேற்றர் காபுறேற்றராகவே கிண்ணத்தில் இருக்கிறது. கறள் என்ற சொல்லை அவள் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை என்றாள். அதனை இப்போது வகுப்பில் எல்லோரும் சொல்கின்றனர்.

எஞ்சின் இறுகவில்லை என்பதே எமக்குக் கிடைத்த பேறு. பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளால் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவைத்து, மேல் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் அசைத்தோம். மூன்றாம் நாள் அசைந்தது. எரிபொருட் குழாய்கள் யாவற்றையும் மாற்ற நேர்ந்தது. 2021 முதல் இந்நாட்டில் சாதாரண பெற்றோலில் பத்து வீதம்வரை எதனோல் கலக்கப்படுகிறது. அது பழைய றப்பரைத் தின்னும். தகடுகள் தேடியபோது மகள் ஒரு செய்தியை வாசித்துச் சொன்னாள். 1990களில் மொறிஸ் மைனருக்கான தகடுகளும் பாகங்களும் இலங்கையின் தெற்கில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினவாம். அதே ஆண்டுகளில் அதே தீவின் வடக்கில் தந்தையார் தகர டின்னை வெட்டி நிலத்தட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் இருமுறை வாசித்தாள். நாம் அந்தத் தகட்டைத்தான் தேடி வாங்குவோம் என்றாள். வாங்கவில்லை, புதிதாக இங்கு செய்தது மலிவாகக் கிடைத்தது.

2025 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை எஞ்சின் முதன்முறையாக எழும்பிற்று. நீலப்புகை கராஜை நிறைத்தது. துணைவியார் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். மகள் தொலைபேசியை எஞ்சினருகே பிடித்து அப்பம்மாவுக்குக் கேட்கச் செய்தாள். எழுபத்துமூன்று வயதான அம்மா யாழ்ப்பாணத்தில் நள்ளிரவில் எழுந்திருந்து கேட்டார். வாழ்த்துச் சொல்வார் என்றிருந்தோம். "ஒரு பிளக் சரியா எரியேல்லை. மூன்றிலதான் ஓடுது" என்றார். கழற்றிப் பார்த்தோம். நான்காவது பிளக் நனைந்திருந்தது.

இந்தக் காருக்கு ஹாண்டில் இல்லை. பண்ணைக்காரரின் கொட்டிலில் தேடியும் கிடைக்கவில்லை. அப்பப்பாவின் ஹாண்டில் எங்கே என்று மகள் கேட்டாள். அம்மா அதனைக் கோழிக்கூட்டுக் கதவுக்கு அணையாக வைத்திருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மரநாயிடமிருந்து கோழிகளைக் காப்பது அதுதான். கேட்டவுடன் தரவில்லை. முதலில் கூட்டுக்கு ஒரு நல்ல கொளுக்கி போட்டுத் தர வேண்டும் என்றார். உறவுக்காரத் தம்பி ஒருவர் கொளுக்கி போட்டுக் கொடுத்தார். அதன்பின் அம்மா ஹாண்டிலைச் சாணால் அளந்து சொன்னார்: மூன்று சாணும் நாலு விரலும். மகள் அதனை அங்குலமாக மாற்றிக் குறித்துக்கொண்டாள். ஆகஸ்ற்றில் ஊரிலிருந்து வரும் ஒருவர் பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர ஒப்பியிருக்கிறார். 1954ஆம் ஆண்டுக் காரின் ஹாண்டில் 1965ஆம் ஆண்டுக் காருக்குப் பொருந்துமா என்பதை அப்போது பார்ப்போம்.

நாற்பது ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு இந்நாட்டில் ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆயினும் இதனைப் பரிசோதனைக்குக் கொண்டுபோயே வீதியில் இறக்குவது என்று மகள் முடிவு செய்திருக்கிறாள். சாரதியின் காலடித் தட்டு இன்னும் ஒட்டப்படவில்லை. கோடை விடுமுறையில் செய்வோம். பிறேக் வேலை சென்ற மாதம் முடிந்தது. அன்று அம்மா தொலைபேசியில் வந்தார். நிறம் என்ன பூசப் போகிறீர்கள் என்றோ, எப்போது ஓடும் என்றோ கேட்கவில்லை.

"பிறேக் பிடிக்குதோ பிள்ளை?" என்றார்.

"பிடிக்குது அப்பம்மா. நாலு சில்லும்."